பிரபஞ்சத்தைப் படிக்க எந்தப் படிப்பு?

பட்டத்தின் பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள்!

வானத்தில் எத்தனை நட்சத்திரங்கள்? அவை எப்போது தோன்றின? அவற்றுக்கு முன்னால் என்ன இருந்தது?

மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு இப்படிக் கேட்காத குழந்தை கிடையாது. "பேசாமல் தூங்கு" என்று அம்மா அதட்டுவாள். குழந்தை தூங்கிவிடும். கேள்வியும் தூங்கிவிடும்.

சில பிள்ளைகளுக்கு மட்டும் அந்தக் கேள்வி தூங்குவதில்லை. பிளஸ்-2 முடிக்கும்போதும் அது விழித்துக்கொண்டே இருக்கிறது. "பிரபஞ்சம் எப்படிப் பிறந்தது என்று ஆராய்ச்சி செய்யப் போகிறேன்" என்று அந்தப் பிள்ளை சொன்னதும் வீட்டில் ஒரு சின்ன பூகம்பம் உண்டாகும். "டாக்டருக்குப் படி, என்ஜினீயருக்குப் படி" என்பார்கள். அழுகை, சமாதானம் எல்லாம் முடிந்து, "சரி, படி" என்று அப்பா சம்மதித்த பிறகுதான் உண்மையான குழப்பம் ஆரம்பம் ஆகிறது.

இந்த ஆராய்ச்சிக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, கோட்பாட்டு பவுதிகம். மற்றொன்று, வான பவுதிகம். இதில் எந்த வழியில் போவது? தப்பான வழியில் காலை வைத்துவிட்டால் பிள்ளையின் வாழ்க்கை வீணாகிவிடுமா?

வீணாகாது! 17 வயதில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. 21 வயதில்தான் பதில் சொல்லவேண்டும். அப்போதும், பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேருக்கு வான பவுதிகமே நல்லது. ஏன் என்று பார்ப்போம்.

என்ன வித்தியாசம்?

பவுதிகத்தை இப்போது பள்ளிக்கூடப் புத்தகங்களில் இயற்பியல் என்கிறார்கள். பெயர் மாறினாலும் பாடம் ஒன்றுதான்.

கோட்பாட்டு பவுதிகம் படிப்பவருக்கு வேண்டியவை காகிதம், பென்சில், மூளை. இப்போது கம்ப்யூட்டரும் சேர்ந்துகொண்டது. இயற்கை எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கிறது என்று அவர் கணக்குப் போட்டுப் பார்க்கிறார். "இந்தச் சட்டம் உண்மையானால், வானத்தில் இன்னது இருக்கவேண்டும்" என்று சொல்கிறார். அதோடு அவர் வேலை முடிந்தது.

வான பவுதிகம் படிப்பவர் வானத்தில் இருந்து வரும் ஒளியைப் பிடிக்கிறார். அதைப் பிரித்துப் பார்க்கிறார். அந்த நட்சத்திரத்தில் என்ன பொருள் இருக்கிறது, எவ்வளவு சூடு, எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்று கண்டுபிடிக்கிறார். (இதற்கும் ஜாதகத்துக்கும் சம்பந்தம் இல்லை. "நம் பையன் கிரகம் பார்க்கப் படிக்கிறான்" என்று ஊரில் சொல்லி வைத்துவிடாதீர்கள். ஜாதகக் கட்டோடு ஆட்கள் வந்துவிடுவார்கள்!)

பிரபஞ்ச ஆராய்ச்சிக்கு இந்த இருவரும் வேண்டும். ஒருவர் இல்லாமல் மற்றவர் என்ன பாடுபடுவார் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவமே சாட்சி.

பழி சுமந்த புறாக்கள்

1964-ம் ஆண்டு. நியூஜெர்சி மாநிலத்தில் ஹோம்டெல் என்ற ஊர். பெல் டெலிபோன் ஆராய்ச்சி நிலையத்துக்குச் சொந்தமான ராட்சதக் கொம்பு போன்ற ஒரு ஏரியல் அங்கே இருந்தது. பென்சியாஸ், வில்சன் என்ற இரண்டு இளைஞர்கள் அதைக் கொண்டு வானத்தில் இருந்து வரும் ரேடியோ அலைகளை அளக்க ஆரம்பித்தார்கள்.

ஒரு இரைச்சல் கேட்டது. பகலிலும் கேட்டது; இரவிலும் கேட்டது. ஏரியலை எந்தப் பக்கம் திருப்பினாலும் கேட்டது. கருவியில் கோளாறு என்று நினைத்தார்கள். ஒவ்வொரு இணைப்பாகச் சோதித்தார்கள். உள்ளே இரண்டு புறாக்கள் கூடு கட்டி இருந்தன. அவற்றின் எச்சம் உள்ளே படிந்து கிடந்தது. "இதுதான் காரணம்" என்று புறாக்களை விரட்டி, எச்சத்தைச் சுரண்டி எடுத்தார்கள்.

இரைச்சல் நிற்கவில்லை!

அதே சமயம், அங்கிருந்து சுமார் 50 கிலோ மீட்டர் தூரத்தில், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டிக்கி என்ற பேராசிரியர் இருந்தார். அவரிடம் பீபிள்ஸ் என்ற இளைஞர் வேலை பார்த்தார். "பிரபஞ்சம் ஒரு காலத்தில் கொதிக்கும் நெருப்பாக இருந்திருந்தால், அந்த வெப்பத்தின் மிச்சம் இன்றும் எல்லாத் திசையிலும் இருக்கவேண்டும். அது ரேடியோ அலையாக வரவேண்டும்" என்று பீபிள்ஸ் கணக்குப் போட்டு வைத்திருந்தார். அதைத் தேட ஒரு கருவியையும் அங்கே செய்துகொண்டு இருந்தார்கள். (ஆல்பர், ஹெர்மன் என்ற இருவர் 1948-ம் ஆண்டிலேயே இப்படிச் சொல்லி இருந்தார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.)

இங்கே பொருள் இருந்தது. அதன் அர்த்தம் தெரியவில்லை. அங்கே அர்த்தம் தெரிந்திருந்தது. பொருள் கையில் இல்லை. ஒரு டெலிபோன் பேச்சு இரண்டையும் சேர்த்து வைத்தது. 1965-ம் ஆண்டு செய்தி வெளியாயிற்று. அந்த இரைச்சல்தான் பிரபஞ்சம் பிறந்த காலத்து வெப்பத்தின் மிச்சம்! இன்று அதன் வெப்பநிலை, பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 270 டிகிரி.

பென்சியாசுக்கும் வில்சனுக்கும் 1978-ல் நோபல் பரிசு கிடைத்தது. பீபிள்சுக்கு 2019-ல்தான் கிடைத்தது. அளந்தவர்களை விட, கணக்குப் போட்டவர் 41 ஆண்டுகள் அதிகமாகக் காத்திருந்தார்.

பிரபஞ்சத்துக்கு ஆரம்பம் உண்டா?

இந்தக் கதையில் இன்னொரு வேடிக்கை உண்டு. அந்த இரைச்சலை அளந்த வில்சனுக்கு, பிரபஞ்சம் நெருப்பாகப் பிறந்தது என்பதில் நம்பிக்கை இல்லை. "பிரபஞ்சத்துக்கு ஆரம்பமும் இல்லை, முடிவும் இல்லை, என்றும் ஒரே மாதிரி இருக்கிறது" என்ற கொள்கைதான் அவருக்குப் பிடித்திருந்தது. இங்கிலாந்தில் பிரெட் ஹாயில் முதலிய மூன்று பேர் 1948-ல் வெளியிட்ட கொள்கை அது. எதிர்க்கட்சிக் கொள்கைக்கு "பெருவெடிப்பு" என்று 1949-ல் ரேடியோவில் பெயர் சூட்டியவரும் இதே ஹாயில்தான். வேண்டாதவர் வைத்த பெயரே நிலைத்துவிட்டது!

இந்த ஹாயிலிடம் படிக்கப் போனவர் ஒரு இந்திய இளைஞர். ஜெயந்த் நர்லிகர் என்று பெயர். கோலாப்பூரில் 1938-ல் பிறந்தவர். தந்தை காசி இந்து பல்கலைக்கழகத்தில் கணக்குப் பேராசிரியர். பிள்ளையும் கணக்கில் புலி. கேம்பிரிட்ஜ் போய் 1959-ல் கணக்குப் பரீட்சையில் முதல் மாணவராகத் தேறினார். 1964-ல் ஹாயிலும் அவரும் சேர்ந்து, புவிஈர்ப்பு பற்றி ஒரு புதிய கொள்கையை வெளியிட்டார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. மறு ஆண்டு பத்மபூஷண் பட்டம் தேடி வந்தது. அப்போது அவருக்கு 30 வயது கூட ஆகவில்லை.

1972-ல் நர்லிகர் இந்தியா திரும்பினார். பம்பாயில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார்.

ஊட்டி மலைச்சரிவில்

அதே நிலையத்தில் கோவிந்த் ஸ்வரூப் என்பவர் ஏற்கனவே வேலையில் இருந்தார். அவருடைய பாதை முற்றிலும் வேறு. அலகாபாத்தில் பவுதிகத்தில் எம்.எஸ்சி. படித்தவர். டெல்லி தேசிய பவுதிக ஆராய்ச்சிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே இயக்குனராக இருந்தவர் நம் வத்திராயிருப்பில் பிறந்த விஞ்ஞானி கே.எஸ்.கிருஷ்ணன். ரேடியோ அலைகளைக் கொண்டு வானத்தை ஆராயும் புதிய கலை ஆஸ்திரேலியாவில் வளர்வதை நேரில் பார்த்து வந்தவர் அவர். "நீ போய்க் கற்றுக்கொண்டு வா" என்று ஸ்வரூப்பை 1953-ல் அங்கே அனுப்பினார்.

கருவி செய்யும் கை ஸ்வரூப்புக்கு வாய்த்திருந்தது. ஊட்டிக்கு அருகே முத்தொரையில் ஒரு மலைச்சரிவைக் கண்டுபிடித்தார். அந்தச் சரிவு வடக்கு தெற்காக 11 டிகிரி சாய்ந்திருக்கிறது. ஊட்டியும் பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 டிகிரியில்தான் இருக்கிறது. அதனால் அங்கே நீட்டி அமைக்கும் டெலஸ்கோப், பூமி சுழலும் அச்சுக்கு நேர் இணையாக இருக்கும். ஒரே வாட்டத்தில் மெல்லத் திருப்பினால் போதும். ஒரு பொருளை ஒரு நாளில் 9½ மணி நேரம் பின்தொடரலாம். கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்யவேண்டிய வேலையை மலையே செய்து கொடுத்துவிட்டது!

530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 1970-ல் அந்த ரேடியோ டெலஸ்கோப் வேலை செய்யத் தொடங்கியது. நம் நாட்டு என்ஜினீயர்களும் தொழிலாளிகளும் கட்டியது.

அதை வைத்து ஸ்வரூப் குழுவினர் என்ன செய்தார்கள்? வெகுதூரத்தில் ரேடியோ அலைகளை வீசும் நட்சத்திரக் கூட்டங்கள் இருக்கின்றன. சந்திரன் நகரும்போது அவற்றை மறைக்கும். தூரத்தில் எரியும் ஒரு விளக்குக்கு முன்னால் ஒரு ஆள் நடந்து போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். விளக்கு சின்னதாக இருந்தால் வெளிச்சம் சட்டென்று மறையும். பெரிய பந்தமாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக மறையும். அதுபோல, மறைய ஆகும் நேரத்தை வைத்து அந்தக் கூட்டத்தின் அளவைச் சொல்லிவிடலாம். இப்படிச் சுமார் ஆயிரம் கூட்டங்களை அளந்தார்கள்.

தூரம் என்பது பழமை. ஒளி நம்மிடம் வந்து சேர நேரம் ஆகிறது அல்லவா? தொலைவில் இருப்பதைப் பார்ப்பது, அதன் பழைய போட்டோவைப் பார்ப்பது போல. பிரபஞ்சம் என்றும் ஒரே மாதிரி இருந்தால், பழைய போட்டோவும் இன்றைய முகமும் ஒன்றாக இருக்கவேண்டும்.

அப்படி இல்லை! பழைய கூட்டங்கள் இன்றைய கூட்டங்களைப் போல இல்லை என்று காட்டியது ஊட்டி டெலஸ்கோப். ஸ்வரூப்பும் அவருடன் வேலை செய்த கபாகியும் 1975-ல் இதை வெளியிட்டார்கள். நர்லிகர் நம்பிய கொள்கைக்கு எதிரான சாட்சி, அவர் வேலை பார்த்த நிலையத்தில் இருந்தே வந்தது.

நர்லிகர் சும்மா இருக்கவில்லை. தம் கொள்கையை மாற்றிச் செப்பனிட்டு 1993-ல் ஹாயிலுடன் சேர்ந்து மறுபடி வெளியிட்டார். பெருவெடிப்பு பற்றிய தம் சந்தேகங்களைக் கடைசிவரை விடவில்லை. பெரும்பாலான விஞ்ஞானிகள் அவர் பக்கம் போகவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் பூனாவில் 1988-ல் ஒரு பெரிய வான ஆராய்ச்சி மையத்தை உருவாக்கி, நாடு முழுவதும் உள்ள கல்லூரி ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் அதன் கதவைத் திறந்து வைத்தவர் அவர்தான். ஸ்வரூப் 2020-ல் காலமானார். நர்லிகர் 2025-ல் காலமானார்.

இருவரில் யார் படித்தது சரியான படிப்பு? ஒருவர் படித்தது கணக்கு. மற்றவர் படித்தது பவுதிகம். "வான பவுதிகம்" என்ற பட்டத்தை இருவருமே கல்லூரியில் வாங்கவில்லை!

இப்போது என்ன சண்டை?

பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள் என்று இன்று கணக்கிட்டு இருக்கிறார்கள். அதோடு ஆராய்ச்சி முடிந்துவிட்டதா? இல்லை. ஒரு பெரிய சண்டை நடக்கிறது.

பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது. எவ்வளவு வேகத்தில்? நம்மில் இருந்து 32 லட்சத்து 60 ஆயிரம் ஒளி ஆண்டு தூரத்தை எடுத்துக்கொள்வோம். (விநாடிக்கு 3 லட்சம் கிலோ மீட்டர் பாயும் ஒளி, ஒரு ஆண்டில் போகும் தூரம் ஒரு ஒளி ஆண்டு.) அவ்வளவு தூரத்தில் விரியும் வேகம், விநாடிக்கு 67 கிலோ மீட்டர் என்கிறது ஒரு சாரார் கணக்கு. பென்சியாசும் வில்சனும் கேட்ட அந்தப் பழைய வெப்பத்தை "பிளாங்க்" என்ற செயற்கைக்கோள் மிக நுட்பமாக அளந்தது. அதைக் கோட்பாட்டில் போட்டு வந்த விடை இது.

"இல்லை, 73 கிலோ மீட்டர்" என்கிறார்கள் மற்றொரு சாரார். அருகில் உள்ள நட்சத்திரங்களையும், வெடித்துச் சிதறும் நட்சத்திரங்களையும் நேரில் அளந்து அவர்கள் கண்ட விடை அது.

67-க்கும் 73-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைக்கலாம். கடைக்காரர் கணக்கில் 6 ரூபாய் இடித்தால் தள்ளுபடி செய்துவிடலாம். இங்கே முடியாது. அளப்பதில் எங்கோ பிசகு இருக்கிறது. அல்லது இயற்கையின் சட்டத்தில் நாம் அறியாத ஒன்று இருக்கிறது. இரண்டில் எது என்று இன்னும் தீரவில்லை.

அளவில் பிசகு என்று காட்டப் போகிறவர் வான பவுதிகக்காரர். புதிய சட்டத்தைச் சொல்லப் போகிறவர் கோட்பாட்டுக்காரர். இன்று பிளஸ்-2 படிக்கும் பிள்ளைக்கு இந்தச் சண்டையில் இடம் இருக்கிறது.

எது நல்லது?

ஒன்பது பேருக்கு வான பவுதிகம் நல்லது என்று சொன்னதற்கு இப்போது காரணம் சொல்லவேண்டும்.

வேலை அங்கேதான் குவிந்து கிடக்கிறது. தென் அமெரிக்காவில் சிலி நாட்டு மலை உச்சியில் 8.4 மீட்டர் கண்ணாடியோடு ஒரு டெலஸ்கோப் கட்டி இருக்கிறார்கள். வீரா ரூபின் என்ற பெண் விஞ்ஞானியின் பெயர் அதற்கு. அதன் முதல் படங்கள் 2025 ஜூன் மாதம் வெளியாயின. பத்து ஆண்டுகள் தெற்கு வானம் முழுவதையும் திரும்பத் திரும்பப் படம் எடுப்பது அதன் திட்டம். "யூக்ளிட்" என்ற ஐரோப்பிய டெலஸ்கோப் 2023-ல் விண்வெளிக்குப் போனது. இவை அனுப்பும் தகவல் மலை மலையாக வரும். பிரித்துப் பார்க்க ஆள் வேண்டும். கோட்பாட்டுப் பக்கத்திலோ புதிய எண்ணங்களுக்குக் குறைவில்லை, இடங்கள்தான் குறைவு.

இன்னொன்று, வயிற்றுப்பாடு. ஆராய்ச்சி செய்யப் போகும் எல்லோருக்கும் பேராசிரியர் வேலை கிடைத்துவிடாது. இதை மூடி மறைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். வானத் தகவல்களைக் கம்ப்யூட்டரில் சலித்துப் பழகியவருக்கு, வெளியே நூறு இடங்களில் வேலை உண்டு.

அந்தப் பத்தாவது பிள்ளை யார்? யாரும் சொல்லாமலே நோட்டு நோட்டாகக் கணக்குப் போடும் பிள்ளை. விடை வந்த பிறகும், "ஏன் இப்படி வந்தது?" என்று விடாமல் குடையும் பிள்ளை. அதைத் தடுக்கக்கூடாது. கல்கத்தாவில் அமல்குமார் ராய்சவுதுரி என்பவர் இருந்தார். வேலை பார்த்த இடத்தில் அவருக்குக் கொடுத்த வேலை உலோகங்களைப் பற்றியது. அவர் மனமோ பிரபஞ்சத்தில் இருந்தது. டெலஸ்கோப் இல்லாமல், பெரிய குரு இல்லாமல், தனியாகக் கணக்குப் போட்டார். 1955-ல் ஒரு சமன்பாட்டை வெளியிட்டார். பத்து ஆண்டு கழித்து இங்கிலாந்தின் பென்ரோசும், அவரைத் தொடர்ந்து ஹாக்கிங்கும் அந்த வழியில்தான் நடந்தார்கள். "ராய்சவுதுரி சமன்பாடு" என்றே அது இன்றும் உலகம் முழுவதும் வழங்குகிறது. அப்படிப்பட்டவர்களை வான பவுதிகத்துக்குப் போ என்று சொல்வது பாவம்.

வீட்டில் உள்ளவர்களுக்கு

பி.எஸ்சி.யில் வெறும் பவுதிகமே போதும். கூடவே கணக்கு கட்டாயம் வேண்டும். பட்டத்தின் பெயரில் "விண்வெளி" என்று கவர்ச்சியாக இருக்கிறதே என்று நிறையப் பணம் கட்டி எங்கும் சேர்க்கவேண்டாம். பவுதிகமும் கணக்கும் நன்றாகச் சொல்லித் தரும் அருகிலுள்ள அரசு கல்லூரி அதைவிட மேல். கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுத ஓய்வு நேரத்தில் பழகிக்கொள்ளலாம்.

பிறகு எம்.எஸ்சி. பெரிய நிலையங்களில் சேர "ஜாம்" என்ற நுழைவுத் தேர்வு இருக்கிறது. ஆராய்ச்சிப் படிப்புக்கு "ஜெஸ்ட்" போன்ற தேர்வுகள் இருக்கின்றன. எம்.எஸ்சி.யில் ஐன்ஸ்டீனின் சார்புக் கொள்கையை ஒழுங்காகப் படித்துவிடவேண்டும். டெலஸ்கோப்பை எந்த வயதிலும் கற்றுக்கொள்ளலாம். கடினமான கணக்கு இளமையில்தான் ஏறும். அளக்கப் போகிற பிள்ளைக்கும் இது பொருந்தும். கணக்கு தெரியாமல் அளப்பவர், அர்த்தம் தெரியாமல் புறாவை விரட்டியவர்களின் நிலையில்தான் இருப்பார்.

பட்டங்கள் முடிய மொத்தம் பத்து, பதினோரு ஆண்டுகள் ஆகும். ஏழை வீட்டுப் பிள்ளையால் முடியுமா? முடியும். அரசாங்க நிலையங்களில் ஆராய்ச்சி மாணவருக்கு மாதா மாதம் உதவித்தொகை தருகிறார்கள். 2023-ம் ஆண்டு முதல் அது தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆகவே வீட்டில் இருந்து பணம் அனுப்பவேண்டியது முதல் ஐந்து ஆண்டுகளுக்குத்தான்.

ஆராய்ச்சிக்கு இடம் தேடும்போது ஊர் பெயரையும் பட்டத்தின் பெயரையும் பார்க்காமல், யாரிடம் வேலை செய்யப் போகிறோம் என்று விசாரிக்கவேண்டும். சென்னை தரமணியில் 1962-ல் தொடங்கிய கணித அறிவியல் நிலையம் கோட்பாட்டுக்குப் பேர் போனது. பெங்களூரில் வான பவுதிக நிலையம் இருக்கிறது. கோடைக்கானல், காவலூர் டெலஸ்கோப்புகள் அதைச் சேர்ந்தவை. நர்லிகர் உருவாக்கிய பூனா மையத்தில் இரண்டு சாராருமே இருக்கிறார்கள்.

இவற்றைப் போன்ற நிலையங்களும், நாட்டின் விஞ்ஞானக் கழகங்களும் கல்லூரி மாணவர்களைக் கோடை விடுமுறையில் இரண்டு மாதம் சேர்த்துக்கொண்டு வேலை பழக்குகின்றன. அறிவிப்புகள் பெரும்பாலும் ஆறேழு மாதம் முன்பே வந்துவிடும். ஒரு கோடையில் கணக்குப் போடும் ஒரு பேராசிரியரிடம் போகலாம். அடுத்த கோடையில் டெலஸ்கோப் தகவலைச் சலிக்கும் ஒருவரிடம் போகலாம். எந்த இடத்தில் சாப்பாட்டு மணி அடித்தது காதில் விழவில்லை என்று அந்தப் பிள்ளைக்கே தெரிந்துவிடும். அதற்குள் வயது 21 ஆகியிருக்கும்.